கேட்டால்தான் நீதியா?

தேர்தல் என்பது முடிவில் ஓர் எண்ணிக்கை. மேடைப் பேச்சும் ஊர்வலமும் சுவரொட்டியும் ஓய்ந்த பின்னர், பெட்டிகளைத் திறந்து, சீட்டுகளைக் கொட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணுகின்ற கைகளில்தான் மக்களின் தீர்ப்பு வடிவம் பெறுகிறது. அந்தக் கைகள் களைப்படையும். கண்களில் உறக்கம் கட்டும். இரண்டு சீட்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒரு கட்டு இடம் மாறி விழும். இவற்றை எல்லாம் சதி என்று கொள்ள வேண்டியதில்லை. மனிதர் செய்யும் எந்தக் காரியத்திலும் பிழை நேரும். இருபதினாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஒருவர் வென்றால் அந்தப் பிழை கடலிற் கரைத்த பெருங்காயம். வித்தியாசம் இருபதாக இருந்தாலோ, பிழையே தீர்ப்பாகிவிடக் கூடும். அப்பொழுது மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை எவரும் மறுக்கமாட்டார். யார் சொல்லி எண்ணுவது என்று கேட்கும்போதுதான் இரண்டு வழிகள் பிரிகின்றன. தோற்றவர் எழுந்து நின்று, "எனக்கு ஐயம் இருக்கிறது, திருப்பி எண்ணுங்கள்" என்று கேட்பது ஒரு வழி. வித்தியாசம் இன்ன அளவுக்குக் கீழே இறங்கினால், எவர் கேட்டாலும் கேளாவிட்டாலும் திருப்பி எண்ணியே ஆகவேண்டும் என்று சட்டமே முன்கூட்டி ஆணையிட்டு வைப்பது மற்றொரு வழி. மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்கு இது தேர்தல் அதிகாரிகளின் அலுவலக விஷயமாகத் தோன்றும். உண்மையில் இதனுள்ளே பழைய அறக் கேள்வி ஒன்று கிடக்கிறது. உரிமை என்பது கேட்டவனுக்குக் கொடுக்கப்படுவதா? கேளாமலே அவனுக்குச் சேரவேண்டிய கடனா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தேர்தற் சட்டம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது. ஆகவே ஒரே நாட்டுக்குள்ளேயே இரண்டு வழிகளின் பயனையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. 2008 நவம்பரில் மினசோட்டா மாநிலத்தில் செனட் சபைக்கான தேர்தல் நடந்தது. பதிவான வாக்குகள் சுமார் 29 லட்சம். முதற் கணக்கில் நோர்ம் கோல்மன் என்பவர் அல் பிராங்கன் என்பவரை 215 வாக்குகளால் முந்தி நின்றார். வித்தியாசம் நூற்றுக்கு அரைக்கும் குறைவாக இருந்தால் அரசாங்கச் செலவில் மறுபடி எண்ணவேண்டும் என்பது அந்த மாநிலத்தின் அன்றைய சட்டம். எவரும் மனுப் போடவில்லை. எவரும் முன்பணம் கட்டவில்லை. சீட்டுகள் அத்தனையும் ஒவ்வொன்றாகக் கையால் எண்ணப்பட்டன. 2009 ஜனவரியில் பிராங்கன் 225 வாக்குகளால் முந்தியவரானார். அதன்பின் கோல்மன் வழக்குத் தொடுத்தார். காரணமின்றித் தள்ளப்பட்டிருந்த அஞ்சல் வாக்குகள் சில நீதிமன்றத்தின் ஆணைப்படி திறந்து எண்ணப்பட்டன. இறுதி வித்தியாசம் 312. வழக்கு முடிய ஜூன் மாதம் ஆயிற்று. நீண்ட காலந்தான். ஆயினும், மாநிலம் முழுவதிலும் ஒரு வாக்காளனின் சீட்டுக்குக் கிடைத்த கவனம் இன்னொரு வாக்காளனின் சீட்டுக்கும் கிடைத்தது.

புளோரிடாவில் 2000ஆம் ஆண்டு நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அது உலகின் மிக வலிமை வாய்ந்த பதவிக்கான தேர்தல். சுமார் 60 லட்சம் வாக்குகள். முதல் வித்தியாசம் 1,784. அங்கும் அரை வீதச் சட்டம் இருந்தது. ஆனால் அது கட்டளையிட்டது யந்திரத்தின் மூலம் மீண்டும் எண்ணுவதை மட்டுமே. யந்திரத்தின் கண்ணுக்கு ஒருமுறை தெரியாத துளை மறுமுறையும் தெரிவதில்லை. கையால் எண்ணுவதற்கு வேட்பாளர் கேட்டாக வேண்டும். அல் கோர் நான்கு கவுண்டிகளில் மட்டும் அப்படிக் கேட்டார். அவை அவருக்குச் சாதகமானவை. அரசியல்வாதி என்ற முறையில் அவர் செய்தது இயல்பே. ஆனால் மற்றக் கவுண்டிகளின் வாக்காளர் என்ன பாவம் செய்தனர்? அவர்களுடைய துளைகளைத் தூக்கி வெளிச்சத்திற் பார்க்க எவருமில்லை. பின்னர் மாநில உச்ச நீதிமன்றம் மாநிலம் முழுவதும் எண்ணச் சொன்னபோது, ஊருக்கு ஓர் அளவுகோல் என்று எண்ணுவது சமத்துவத்துக்கு முரண் என்றும், சீர் செய்ய இனி நேரமில்லை என்றும் டிசம்பர் 12ஆம் திகதி நாட்டின் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. 537 வாக்கு வித்தியாசம் வரலாறாயிற்று.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது எந்தக் கட்சி வென்றது என்பதை அன்று. மறு எண்ணிக்கை ஒரு வேட்பாளனின் வேண்டுகோளாக இருக்கும்வரை, அது அவன் விரும்பிய இடத்தில், அவன் விரும்பிய அளவுக்கே நடக்கும். அவன் தனது நலத்தைக் கருதியே கேட்பான். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. குற்றம், வாக்காளனின் சொத்தை வேட்பாளனின் பையில் போட்டுவைத்த சட்டத்தினுடையது. வாக்குச் சீட்டை எழுதியவன் மக்களில் ஒருவன். அது சரியாக எண்ணப்பட்டதா என்று கேட்கும் உரிமை மட்டும் எப்படி வேறொருவனுக்குப் போயிற்று?

இந்தியாவிலும் இதே நிலைதான். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 63ஆம் விதி, வேட்பாளரோ அவருடைய முகவரோ எழுத்து மூலம் கேட்டால் மறு எண்ணிக்கை செய்யலாம் என்கிறது. அதிகாரி மறுக்கவும் கூடும். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி. பி. ஜோஷி ஒரேயொரு வாக்கினால் தோற்றார்: 62,216க்கு எதிராக 62,215. ஒற்றை வாக்கின் எடையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆசிரியர்களாகிய வாசகர்கள் தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்றைத் தனிக் கவனத்துடன் நோக்கவேண்டும். 2016 சட்டசபைத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் தொகுதியில் ஐ. எஸ். இன்பதுரை 49 வாக்குகளால் மு. அப்பாவுவை வென்றதாக அறிவிக்கப்பட்டது. அங்கே 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. காரணம்? அவற்றோடு இணைந்த உறுதிமொழிகளில் சான்றொப்பம் இட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள். அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஊராரின் நன்னடத்தைக்குக் கையெழுத்திட்டு வந்தவர்களின் கையெழுத்து, வாக்குக்கு மட்டும் செல்லாததாயிற்று! அவர்களுக்குத் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்து, அந்த வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் திருப்பி எண்ணச் செய்தது. எண்ணியும் ஆயிற்று. ஆனால் முடிவை வெளியிடக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஐந்தாண்டுச் சபையில் மூன்றாண்டுகள் ஏற்கெனவே கழிந்திருந்தன. 2021இல் அந்தச் சபையின் காலமும் முடிந்து அடுத்த தேர்தலும் வந்துவிட்டது. கேட்டுப் பெறும் நீதி எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வித்தியாசம், தள்ளப்பட்ட தபால் வாக்குகளின் தொகையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்குமுன் அவற்றை அதிகாரி கட்டாயம் மறுபடி சோதிக்கவேண்டும் என்று இந்தியத் தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. சிறிய விதிதான். ஆனால் திசை சரியானது. 49க்கும் 203க்கும் உள்ள உறவை ஒரு குழந்தையும் கண்டுகொள்ளும். அதைக் கண்டவுடன் சட்டம் தானே விழித்துக்கொள்ளவேண்டும். கோர்ட்டுப் படியேறி ஒருவர் அதைத் தட்டி எழுப்பும்வரை உறங்கக் கூடாது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சனாதிபதித் தேர்தலில் எவரும் செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதலிருவர் தவிர்ந்த ஏனையோரின் சீட்டுகளை எடுத்து, அவற்றிலுள்ள இரண்டாம், மூன்றாம் விருப்புகளை எண்ணவேண்டும் என்று ஆணையிடுகிறது. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் இந்த ஏற்பாடு உறங்கியே கிடந்தது. 1988இல் வென்றவர் பெற்றது 50.43 வீதம், 2005இல் 50.29 வீதம். பாதிக் கோட்டை மயிரிழையில் தாண்டினார்கள். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலில்தான் எவரும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்குகள், அதாவது 42.31 வீதம், சஜித் பிரேமதாச 43,63,035 வாக்குகள், 32.76 வீதம். இருவருக்கும் இடையே பன்னிரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசம். யார் வெல்வார் என்பதில் பெரிய ஐயம் எவருக்கும் இருக்கவில்லை. இருந்தும் சட்டம் கட்டளையிட்டது. சீட்டுகள் மீண்டும் கையில் எடுக்கப்பட்டன. முன்னவருக்கு 1,05,264, பின்னவருக்கு 1,67,867 வாக்குகள் சேர்ந்தன. முடிவு மாறவில்லை.

இதனைச் சரியான பொருளில் மறு எண்ணிக்கை என்று சொல்ல முடியாது. எண்ணாமலிருந்த விருப்பை எண்ணியதே இது. ஆனால் நமது வாதத்துக்கு வேண்டிய உண்மை இதில் இருக்கிறது. எவரும் கேளாமல், எவருடைய ஐயத்துக்கும் காத்திராமல், சட்டத்தின் சொல்லுக்காகவே ஒரு நாடு தன் சீட்டுகளை மீண்டும் கையிலெடுத்தது. அதனால் குழப்பம் விளைந்ததா? கலவரம் மூண்டதா? ஒன்றுமில்லை. செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு முடிவு வந்தது. மக்கள் அதை அமைதியாக ஏற்றுக்கொண்டனர். மறுபடி எண்ணினால் மக்களின் நம்பிக்கை குலைந்துபோகும் என்று அஞ்சுவோருக்கு இதுவே போதிய விடை.

ஏனைய வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 லட்சத்துக்கு மேல். அவற்றில் முதலிருவருக்குப் போய்ச் சேர்ந்த விருப்புகள் மூன்று லட்சத்தையும் எட்டவில்லை. அதே தேர்தலில் 3,00,300 சீட்டுகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. சேர்ந்த விருப்புகளின் மொத்தத்தைவிட அது அதிகம். சீட்டை எப்படி நிரப்புவது என்று மக்களுக்குக் கற்பிக்கும் கடமை அரசாங்கத்துக்கு மட்டுமன்று, ஆசிரியர்களாகிய நமக்கும் உண்டு.

பாராளுமன்றத் தேர்தலின் நிலை வேறு. கண்டி மாவட்டத்தில் வாக்காளர் ஒரு கட்சியைத் தெரிந்து, அதன் பட்டியலில் மூவர்வரை விருப்பு வாக்கு அளிக்கிறார்கள். ஆசனம் கட்சிக்குக் கிடைத்தாலும், அதில் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்கே தீர்மானிக்கிறது. அங்கே தோற்றவனின் எதிரி அவனுடைய கட்சிக்காரனே. தன் ஆள் ஒருவனுக்காக இன்னோர் ஆளின் வெற்றியைக் கட்சி கேள்விக்குள்ளாக்குமா? வித்தியாசம் எவ்வளவு சிறிதாயினும் கட்சித் தலைமைக்கு நட்டமில்லை. நட்டம், அந்த மனிதனைத் தெரிந்து கோடிட்ட வாக்காளனுக்கே. கேட்க ஆளில்லாத இந்த இடத்தில்தான், கேளாமலே எண்ணும் சட்டம் மிகுதியும் தேவைப்படுகிறது.

கேட்பது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஹந்தானைச் சாரலில் வாழ்பவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மலையின் ஒரு பக்கத்து அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம், மறுபக்கத்தில் கண்டி நகரம், மேலே தேயிலை. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்துக்குப் போய் நின்று பாருங்கள். காலை முதல் மழையிலும் வெயிலிலும் பறித்த கொழுந்து தராசில் ஏறுகிறது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு போகிறது. மீதி செக்றோலில் ஏறுகிறது. ஒரு கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகிவிடுகிறது. முள் சரியாக நின்றதா என்று அந்தப் பெண் கேட்கலாம். "இன்னொருமுறை நிறுங்கள் ஐயா" என்று சொல்லலாம். தடுக்கும் சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்கும் அதே தராசின் முன் அவள் நிற்கவேண்டும். நாளைக்கும் அதே கணக்கப்பிள்ளைதான் எழுதுவார். ஆகவே அவள் கேட்பதில்லை. கேளாமையைக் கண்டு "அவளுக்குக் குறையில்லை" என்று முடிவு கட்டுவது எத்தகைய அறம்?

கேட்டால் கிடைக்கும் என்று சொல்லிவைக்கப்பட்ட உரிமை, கேட்கத் துணிவும் வசதியும் உள்ளவனுக்கே உரிமையாகிறது. மற்றவர்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

மலையகத்தின் அரசியல் வரலாறு இந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதப்பட்ட நீண்ட உரை எனலாம். 1947ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. தோட்டத் தொழிலாளரின் வாக்கு எண்ணப்பட்டது. எண்ணப்பட்டதன் விளைவை ஆட்சியாளர் கண்டுகொண்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. கூடவே, குடியுரிமை இல்லாதவருக்கு வாக்குமில்லை என்ற தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தது. 1952 தேர்தலில் அந்த 7 ஆசனங்களும் இல்லை. ஒரு சீட்டும் தவறாக எண்ணப்படவில்லை; எண்ணுவதற்குச் சீட்டே இல்லாமற் செய்யப்பட்டது. கோடக்கன் பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்ப்பது பற்றிய வழக்கு லண்டனிலுள்ள பிரிவி கவுன்ஸில் வரை போயிற்று. அச்சட்டங்கள் எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமானவை அல்ல என்று 1953இல் அங்கே தீர்ப்பாயிற்று.

ஆட்சியாளர் "இல்லை" என்று நேராகச் சொல்லவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. "விண்ணப்பியுங்கள்" என்றே சொன்னார்கள். மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும். இரண்டாண்டுக்குள் மனு அனுப்பவேண்டும். லயத்துக் காம்பிராவிலே, தனி விலாசமின்றி, கடிதம் வந்தாலும் தோட்டக் கந்தோர் வழியாகவே வரப்பெறும் மனிதன், வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட படிவத்தை நிரப்பி, இல்லாத பத்திரங்களைக் கொண்டு தன் வாழ்வைத் தானே நிரூபிக்கவேண்டும்! எட்டு லட்சம் பேருக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. 1964 வரையில் ஏற்கப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்தையும் எட்டவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 அங்கே, 3,00,000 இங்கே, 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை அப்பொழுதுதான் இரு அரசுகளும் கவனமாக எண்ணின. பங்கு போடுவதற்காக எண்ணின.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும், அந்தப் பழைய விசாரணைகள் இன்றி, சட்டத்தின் வலுவாலேயே குடியுரிமை வழங்கியது. மனு வழி நாற்பது ஐம்பது ஆண்டுகளில் தீர்க்காததை, தானாகவே சேரும் உரிமை ஒரே சட்டத்தில் தீர்க்க வழி செய்தது. கேட்டுப் பெறும் உரிமைக்கும் கேளாமற் சேரும் உரிமைக்கும் இடையே உள்ள தூரத்தை நமது மக்கள் தம் வாழ்நாள்களைக் கொடுத்து அளந்திருக்கிறார்கள்.

மறுப்புகளையும் நேர்மையோடு நோக்கவேண்டும். செலவு ஆகும் என்பர். ஆகத்தான் செய்யும். ஆனால் நெருங்கிய தேர்தல்கள் அரிதானவை. அரிதாக வரும் செலவை எண்ணி அடிப்படை உரிமையைக் கைவிடுவது, திருடன் தினமும் வருவதில்லை என்று வீட்டுக்குக் கதவு வைக்காமல் விடுவதைப் போன்றது. அரை வீதம் என்ற கோடு மனம்போன போக்கில் கிழித்தது என்பர். உண்மைதான், வாக்குரிமைக்குப் பதினெட்டு வயது என்பதும் அப்படிக் கிழித்த கோடே. கோடு எங்கே விழுகிறது என்பதைவிட, யார் வெல்லப் போகிறார் என்று தெரிவதற்கு முன்னர் அது கிழிக்கப்பட்டதா என்பதே முக்கியம். முன்கூட்டிக் கிழித்த கோடு எவன் முகத்தையும் பார்ப்பதில்லை. தேர்தல் இரவிலே அதிகாரியின் விருப்பப்படி கிழிக்கும் கோடோ முகம் பார்த்தே விழும்.

மூன்றாவது மறுப்பு வலியது. திருப்பி எண்ணுவதால் என்ன பயன்? பெட்டிக்குள் இருப்பதைத்தானே எண்ண முடியும்? பெட்டிக்கே வராதவனை என்ன செய்வது? இடாப்பில் பெயர் விடுபட்டவன், அடையாள அட்டை இல்லாதவன், நகரத்தில் வேலைக்கு வந்து அன்றைக்கு லீவு கிடைக்காதவன், இவர்களை எந்த மறு எண்ணிக்கையும் கண்டுபிடிக்காது. இதை நாம் முழுவதும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு வேறு. தானாகவே நிகழும் நீதி என்ற தத்துவத்தை எண்ணும் மேசையோடு நிறுத்திவிடக் கூடாது. இடாப்பு எழுதும் கைவரைக்கும் அதைப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவனின் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது அரசின் கடமை. விடுபட்டதற்காக அவன் அலைய வேண்டும் என்பது, நிறுவையில் ஐயமிருந்தால் கொழுந்து பறித்தவளே தராசும் கொண்டுவர வேண்டும் என்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே நமது கோரிக்கை எளிது. வித்தியாசம் சட்டம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால், எல்லா வாக்கும், தள்ளப்பட்ட வாக்கும் உட்பட, மாவட்டம் முழுவதும் ஒரே அளவுகோலால், கையால், பொதுச் செலவில் மறுபடி எண்ணப்படவேண்டும். அந்த அளவு தேர்தலுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும். விருப்பு வாக்குக்கும் அது பொருந்தவேண்டும். வேட்பாளர் கேட்கும் உரிமை இருந்துவிட்டுப் போகட்டும். வாக்காளரின் உரிமை அவருடைய வாயை நம்பி இருக்கக் கூடாது.

வலியவன் எப்பொழுதும் கேட்கத் தெரிந்தவன். கேட்க வழக்கறிஞரும் பணமும் பத்திரிகையும் அவனுக்கு உண்டு. எளியவனுக்குச் சட்டம் ஒன்றே உண்டு. அதுவும் அவன் கேளாமலே இயங்கினால்தான் உண்டு. இதை வகுப்பறையில் மாணவருக்குச் சொல்லுங்கள்; சங்கக் கூட்டங்களில் பேசுங்கள்; வாக்குக் கேட்டு வருபவர்களிடம், அவர்கள் வெல்லுமுன்னரே, எழுதி வாங்குங்கள். வென்ற பிறகு எண்ணிக்கையில் ஐயம் கொள்பவர் எவருமில்லை.